முள் பொய் சொல்லுமா?

மோட்டார் காரில் அமர்ந்து வண்டியைக் கிளப்பும் எவரும் எதிரேயுள்ள அளவுமானிகளை ஒருமுறை நோக்காமல் இரார். வண்டியின் வேகம் என்ன, தொட்டியில் பெட்ரோல் எவ்வளவு, எஞ்சினின் சூடு எவ்வளவு என்னும் மூன்று கேள்விகளுக்கும் மூன்று முட்கள் விடை பகர்கின்றன. வண்டி புதியதாயின் அவ்விடைகளை நாம் ஐயுறுவதில்லை. வண்டிக்கு வயதானபின் நிலைமை வேறு. பெட்ரோல் ஊற்றிய மறுகணமும் முள் அடியிலேயே கிடக்கும். தொட்டி வற்றியபோது பாதி இருப்பதாகக் கூறும். கொதிக்கும் எஞ்சினைக் குளிர்ந்ததென்று சாதிக்கும். அந்நிலையில் பலர் செய்வது இரண்டே: முள்ளை நம்பாமல் விட்டுவிடுவர், அல்லது மானியைக் கழற்றி எறிந்து வேறொன்று வாங்கிப் பொருத்துவர். இரண்டுமே பெரும்பாலும் வேண்டாத செயல்கள். பிழை எங்கே உள்ளது என்பதை ஒழுங்காக ஆராய்ந்து காண எளிய வழி உண்டு. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குர்லாவும் பழைய காரும்

குர்லாவைச் சுற்றிப் படிக்கும் நமக்கு இப்பொருள் அந்நியமானதன்று. வால்சந்த் ஹிராசந்த் 1944இல் தோற்றுவித்த பிரிமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை இக்குர்லாவிலேதான் இருந்தது. 1964 முதல் ஃபியட் 1100 டிலைட் என்னும் கார் இங்கே உருவாகியது. பின்னர் அதுவே பிரிமியர் பத்மினி என்று பெயர் பெற்றது. 2000ஆம் ஆண்டை ஒட்டி அதன் உற்பத்தி நின்றது. கறுப்பும் மஞ்சளும் பூசிய பத்மினி டாக்சிகளுள் கடைசியானது 2003 அக்டோபரில் பதிவு செய்யப்பட்டது. டாக்சிகளுக்கு இருபது ஆண்டு வரம்பு உள்ளமையால் 2023 அக்டோபர் இறுதியோடு அவை மும்பைத் தெருக்களிலிருந்து விடைபெற்றன. ஆயினும் சொந்த உபயோகத்திற்காக வைத்திருக்கும் பத்மினிகள் இன்னும் உள்ளன. சி.எஸ்.டி. சாலையில் பழைய உதிரிப் பாகங்கள் விற்கும் கடைகளும், அவ்வண்டிகளின் நாடியறிந்த மெக்கானிக்குகளும் உள்ளனர். அவர்களுள் நம் தமிழரும் உளர். அவர்கள் கையில் உள்ள அறிவு ஏட்டில் ஏறாதது. பௌதிகம் பயிலும் மாணவன் என்ற முறையில் அவ்வறிவை ஓரளவேனும் எழுத்தில் தர முயல்கிறேன்.

முள் தானாக ஒன்றும் அறியாது

முதலில் ஓர் அடிப்படையை மனத்திற் கொள்ளவேண்டும். பெட்ரோல் முள் தொட்டியைப் பார்ப்பதில்லை; வெப்ப முள் எஞ்சினைத் தொடுவதில்லை. தொட்டியிலும் எஞ்சினிலும் உள்ள சிறு உறுப்புகள் தம் மின்தடையை மாற்றுகின்றன. அம்மாற்றத்திற்கேற்ப மின்னோட்டம் கூடுகிறது அல்லது குறைகிறது. அதனை முள் நமக்குக் காட்டுகிறது, அவ்வளவே.

அம்மின்னோட்டம் செல்லும் வழியைக் காண்போம். பேட்டரியிலிருந்து புறப்பட்டு, சாவி வழியாக மானிக்கு வருகிறது. மானியிலிருந்து நீண்ட ஒயர் வழியே தொட்டிக்கோ எஞ்சினுக்கோ செல்கிறது. அங்குள்ள உறுப்பினூடே பாய்ந்து, வண்டியின் இரும்பு உடலை அடைந்து, அவ்வுடல் வழியாகவே பேட்டரிக்குத் திரும்புகிறது. இந்த இரும்பு உடலைத்தான் மெக்கானிக்குகள் 'எர்த்' என்று அழைப்பர். ஆகவே ஒரு முள் பிழைபடக் காட்டினால், குற்றம் மின்சாரம் வரும் வழி, மானி, ஒயர், உறுப்பு, எர்த் ஆகிய ஐந்தில் எதிலும் இருக்கலாம். ஐந்தில் ஒன்றான மானியை மட்டும் மாற்றுபவர் சீட்டுக் குலுக்குபவரை ஒத்தவர்.

முதற் கேள்வி: ஒன்றா, அனைத்துமா?

ஸ்பானரைக் கையில் எடுக்குமுன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஒரு முள் மட்டும் பிழையா, அல்லது எல்லாமே பிழையா?

பெட்ரோல் தொட்டி பின்புறம் உள்ளது; வெப்பத்தை உணரும் உறுப்பு முன்புறம் எஞ்சினில் உள்ளது. இரண்டும் ஒரே நாளில் கெட்டுப்போதல் அரிது. இரண்டு முட்களும் ஒருசேரத் தடுமாறினால் இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் குற்றம் இருத்தல் வேண்டும். பொதுவானவை இரண்டே: மின்சாரம் வரும் வழி, மானிப் பலகையின் எர்த். ஒன்று மட்டும் தடுமாறினால் பொதுவழியை விட்டு அதன் தனிவழியை ஆராயலாம். இவ்வொரு கேள்வியால் வேலை பாதி குறைந்துவிடுகிறது.

இதற்கு எங்கள் தெருவில் நான் கண்ட நிகழ்ச்சி ஒன்றைக் கூறுகிறேன். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, பல ஆண்டுகள் டாக்சி ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தமக்கென ஒரு பத்மினி வைத்திருக்கிறார். மனைவியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல அவருக்கு அதுவே துணை. சில மாதங்களாகப் பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் மனம்போனபடி ஆடின. ஒரு பட்டறையில் மானிப் பலகை முழுவதையும் மாற்றவேண்டும், ரேடியேட்டரையும் மாற்றவேண்டும் என்றனர். அவர்கள் கேட்ட தொகை வண்டியின் விலையையே நெருங்கியது. பெரியவர் மனம் வெறுத்து, வண்டியைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடலாம் என்று விலையும் பேசத் தொடங்கிவிட்டார்.

எங்கள் தெருமுனையில் வண்டிகளுக்கு மின்வேலை செய்யும் அண்ணாச்சி ஒருவர் அதனைக் கேள்வியுற்று வந்து பார்த்தார். சாவியைத் திருப்பி, விளக்குகளைப் போட்டார். போட்ட மாத்திரத்தில் இரண்டு முட்களும் சேர்ந்து நகர்ந்தன. அணைத்தார், இரண்டும் பழைய இடத்திற்கு வந்தன. அண்ணாச்சி சிரித்தார்.

"பாத்தீங்களா தம்பி, ரெண்டும் சேந்து ஆடுது. சேந்து ஆடுனா கூத்து வேற எடத்துல நடக்கு. முள்ளக் குத்தஞ் சொல்லாதீங்க. அது கேட்டதத்தான் சொல்லுது" என்றார்.

விளக்கைப் போட்டால் பெட்ரோலின் அளவு மாறுவதில்லை. எஞ்சினின் சூடும் மாறுவதில்லை. ஆயின் முட்கள் ஏன் நகரவேண்டும்? மானிப் பலகையில் உள்ள சிறு விளக்குகளும் மானிகளும் ஒரே எர்த் வழியைப் பயன்படுத்துகின்றன. அவ்வழியில் உள்ள திருகாணி துருவேறி முக்கால் ஓம் தடை உண்டாக்கியதாகக் கொள்வோம். சிறு விளக்குகள் ஓர் ஆம்பியர் எடுத்தால், ஓம் விதிப்படி அத்துருவின் மேல் முக்கால் வோல்ட் அழுத்தம் தோன்றும். மானிகளுக்குக் கிடைக்கவேண்டிய அழுத்தம் அவ்வளவு பிறழ்ந்துவிடும். அண்ணாச்சி மல்டிமீட்டரின் ஒரு முனையை மானியின் உலோக உடலிலும் மறுமுனையை பேட்டரியின் எதிர்முனையிலும் வைத்தார். நல்ல எர்த் ஆயின் அங்கே அழுத்தம் ஏறக்குறைய ஒன்றும் இராது. விளக்கு எரிகையில் முக்கால் வோல்ட்டுக்கு மேல் காட்டியது. திருகாணியைக் கழற்றி, உப்புத்தாளால் துருவைச் சுரண்டி, புதிய எர்த் ஒயர் ஒன்றும் போட்டார். முட்கள் அடங்கின. பெரியவரின் வண்டி இரும்புக் கடைக்குப் போகவில்லை.

நம் நகரத்தில் துரு மிகுதற்குக் காரணம் கூறவேண்டியதில்லை. கடற்காற்று ஆண்டு முழுதும் வீசுகிறது. மழைக்காலம் நான்கு மாதம். 2005 ஜூலை 26இல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து, மித்தி ஆறு பெருகி, குர்லா வெள்ளத்தில் மூழ்கியது. அவ்வெள்ளத்தில் நின்ற வண்டிகளுள் பெரியவருடையதும் ஒன்று. ஆதலின் இங்குள்ள பழைய வண்டியில் எர்த்தை முதலில் ஐயுறுவது அறிவுடைமை.

மானிகள் இருவகை

பழைய வண்டிகளின் மின்மானிகளுள் இருவகை உண்டு. சாவியைத் திருப்பியவுடன் முள் துள்ளி எழுந்தால் அது காந்தவகை. மெல்ல மெல்ல ஊர்ந்து ஏறினால் அது வெப்பவகை.

காந்தவகையில் இரண்டு கம்பிச் சுருள்கள் முள்ளை இருபுறமும் இழுக்கின்றன. இரண்டின் விகிதமே முள் நிற்கும் இடத்தைத் தீர்மானிக்கிறது. பேட்டரியின் அழுத்தம் சிறிது கூடினால் இரண்டு இழுப்பும் ஒருசேரக் கூடுமாதலால் முள் பெரிதும் மாறாது.

வெப்பவகையில் இரண்டு உலோகங்கள் ஒட்டிய தகடு ஒன்றைச் சுற்றிச் சூடேற்றும் கம்பி உள்ளது. சூட்டால் தகடு வளைய, முள் நகர்கிறது. சூடு, அழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவது. எனவே இவ்வகை மானிகளுக்கு அழுத்தத்தைச் சுமார் 10 வோல்ட்டில் நிலைநிறுத்தும் சிறு கருவி ஒன்று தனியே வைக்கப்படும். அது மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டித்துச் சராசரியைக் காக்கிறது. அதன் எர்த் அற்றுப்போனால் துண்டிக்கும் தொழில் நின்று முழு அழுத்தமும் உள்ளே புகும். எஞ்சின் ஓடுகையில் அழுத்தம் 13.8 வோல்ட் எனக் கொண்டால், 13.8இன் இருமடி 190. 10இன் இருமடி 100. சூடு ஏறத்தாழ இருமடங்காகிறது! தொட்டியும் நிறைந்ததாகத் தோன்றும். எஞ்சினும் கொதிப்பதாகத் தோன்றும். இரண்டும் ஒருசேர மிகுத்துக் காட்டினால் இக்கருவியையே பிடிக்கவேண்டும்.

பெட்ரோல் முள்

இனி, பெட்ரோல் முள் மட்டும் பிழையெனில் செய்யவேண்டியது யாது? தொட்டியினுள் ஒரு மிதவை உண்டு. அது பெட்ரோலோடு ஏறி இறங்குகையில் அதன் கை ஒரு மின்தடைக் கம்பியின் மீது உராய்ந்து செல்கிறது. இவ்வமைப்பைக் கடைக்காரர் 'டேங்க் யூனிட்' என்பர்.

சாவியை அணைத்து, டேங்க் யூனிட்டுக்குச் செல்லும் ஒயரைக் கழற்றித் தனியே விடுக. சாவியைத் திருப்பினால் முள் ஒரு கோடிக்குச் செல்லும். மீண்டும் சாவியை அணைத்து, அவ்வொயரை முப்பது ஓம் அளவுள்ள ஒரு சிறு தடை வழியே வண்டியின் உடலோடு இணைத்து, பின்னர் சாவியைத் திருப்புக. முள் மறுகோடியை நோக்கிச் செல்லவேண்டும். இரண்டும் நிகழ்ந்தால் மானியும் ஒயரும் குற்றமற்றவை, குற்றம் தொட்டியில். நிகழாவிட்டால் தொட்டியை இறக்கும் வேலையே இல்லை. ஒன்றை மறவாதீர்: பெட்ரோல் ஆவி உள்ள இடத்தில் சிறு பொறியும் பெருந்தீயாகும். இணைப்பதும் பிரிப்பதும் சாவி அணைந்திருக்கும்போதே செய்யத்தக்கன.

தொட்டியினுள் வரக்கூடிய நோய்கள் சில. பித்தளை மிதவையில் ஊசித்துளை விழுந்து பெட்ரோல் புகுந்தால் அது மூழ்கிவிடும். முள் எப்போதும் காலியென்றே காட்டும். மிதவையைக் கழற்றிக் காதருகே குலுக்கினால் உள்ளே திரவம் அலம்பும் ஓசை கேட்கும். தடைக்கம்பி ஓரிடத்தில் தேய்ந்திருந்தால் அவ்விடம் வரும்போது மட்டும் முள் துள்ளும். அன்றாடம் சிறிதளவே பெட்ரோல் போட்டு ஓட்டப்பட்ட வண்டியில் அடிப்பகுதிக் கம்பி மிகுதியாகத் தேய்வது இயல்பு. வேறு வண்டியின் டேங்க் யூனிட்டைப் பொருத்தினாலும் வம்பு வரும். சில வகைகளில் தொட்டி நிறைந்தால் தடை குறையும், சிலவற்றில் கூடும். மாற்றிப் பொருத்தினால் முள் தலைகீழாகப் பேசும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் பாதி என்ற இடத்தில் பாதி இராமற் போகலாம். தொட்டி சீரான வடிவுடையதன்று. மிதவையின் கையோ வட்ட வில்லாகச் செல்வது. எனவே தொட்டியை வற்றவிட்டு ஐந்தைந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்க. ஆய்வுக்கூடத்தில் நாம் செய்யும் அளவுதிருத்தம் இதுவே. அக்குறிப்பு கையில் இருந்தால் கோணல் முள்ளும் உண்மை கூறும்.

வெப்ப முள்

மூன்றனுள் உயிர்நிலை போன்றது வெப்ப முள். எஞ்சினில் திருகப்பட்டுள்ள அதன் உணருறுப்பு சூடேற ஏறத் தன் தடையைக் குறைத்துக்கொள்ளும் தன்மையது. திருகின் மறைகள் வழியாகவே அதற்கு எர்த் கிடைக்கிறது. ஒழுகாமலிருக்க மறையில் நாடாவை மிகுதியாகச் சுற்றினால் எர்த் தடைப்பட்டு முள் குறைத்துக் காட்டும்.

இதனைச் சோதிக்க நம் அடுப்படியே போதும். உறுப்பைக் கழற்றி அதன் உலோக முனையைச் சூடேறும் நீரில் அமிழ்த்தி, பக்கத்தில் வெப்பமானி ஒன்று வைத்து, தடையை மல்டிமீட்டரால் அளக்கலாம். சூடு ஏறும்தோறும் தடை ஒழுங்காகக் குறையவேண்டும். குர்லா கடல்மட்டத்தை ஒட்டியிருப்பதால் இங்கே நீர் 100 பாகையிலேயே கொதிக்கும். அது நமக்கு இலவசமாகக் கிடைக்கும் ஓர் அளவு. உதகையில் செய்தால் ஏழெட்டுப் பாகை குறையும்.

இங்கே ஒரு பெரும் அபாயத்தைக் குறிப்பிடவேண்டும். ஏறிக்கொண்டிருந்த வெப்ப முள் திடீரென இறங்கினால் மகிழாதீர்கள். நீர் முழுதும் ஒழுகிப்போய், உணருறுப்பு நீரில் அமிழாமல் வெறும் காற்றில் நின்றாலும் முள் இறங்கும். உறுப்பு தான் இருக்கும் இடத்தின் சூட்டையே கூறும். எஞ்சினோ உள்ளே வெந்துகொண்டிருக்கும். அந்நிலையில் வண்டியை உடனே நிறுத்தவேண்டும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறத்தல் கூடாது, ஆறும்வரை காத்திருக்கவேண்டும்.

எச்சரிக்கை விளக்குகளுக்கும் இவ்வறிவு பொருந்தும். எண்ணெய் அழுத்த விளக்கு எரியவில்லையென்றால் எஞ்சின் நலமாக இருக்கலாம். விளக்கின் பல்பே செத்தும் இருக்கலாம். ஆகையால் சாவியைத் திருப்பியதும், எஞ்சின் ஓடுமுன், அவ்விளக்கு எரிகிறதா என்று நாள்தோறும் நோக்குவது நல்லோட்டுநர் வழக்கம்.

வேகமானி

பழைய வண்டியின் வேகமானிக்கு மின்சாரம் வேண்டுவதில்லை. ஜெர்மனியைச் சேர்ந்த ஓட்டோ ஷுல்ட்ஸே 1902இல் காப்புரிமை பெற்ற முறையே பல பத்தாண்டுகள் உலகெங்கும் நிலவியது. கியர்ப் பெட்டியிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. அதைச் சுற்றி, தொடாமல், ஓர் அலுமினியக் கிண்ணம் உள்ளது. சுழலும் காந்தம் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டி அதைத் தன்னோடு இழுக்கிறது. ஒரு மெல்லிய சுருள்வில் அதனைத் தடுக்கிறது. இரண்டின் சமநிலையே முள் காட்டும் வேகம். ஓடிய தூரத்தைக் காட்டும் எண்களையோ அதே கேபிள் பற்சக்கரங்களால் நேரே சுழற்றுகிறது.

ஒரே கேபிளுக்கு இரண்டு சாட்சிகள் இருப்பது ஆராய்வோர்க்கு நல்வாய்ப்பு. வேகமும் தூரமும் இரண்டுமே நின்றுபோனால் பெரும்பாலும் கேபிள் அறுந்தது. தூரம் சரியாக இருந்து வேகம் மட்டும் பிழையெனில் காந்தமோ வில்லோ தளர்ந்தது. இரண்டும் ஒரே விகிதத்தில் பிழையெனில் கேபிளும் மானியும் நல்லவையே. டயரின் அளவு மாறியிருக்கிறது. டயரின் சுற்றளவு நூற்றுக்கு ஐந்து குறைந்தால் 60 கிலோமீட்டர் வேகத்தை முள் 63 என்று காட்டும். முள் நடுங்கினால் கேபிளில் கிரீஸ் வறண்டது.

வேகத்தைச் சரிபார்க்க, போக்குவரத்துக் குறைந்த காலை வேளையில் கிழக்கு விரைவுச் சாலையில் வண்டியை ஒரே சீராகச் செலுத்தி, ஒரு கிலோமீட்டர் கடக்க ஆகும் நொடிகளைப் பக்கத்திலுள்ளவர் எண்ணட்டும். 3600ஐ அந்நொடிகளால் வகுத்தால் உண்மை வேகம் வரும். 60 நொடியெனில் 60. 90 நொடியெனில் 40. கைபேசியில் செயற்கைக்கோள் வழி வேகம் காணலாமாயினும், இக்கணக்கு அதனையும் சரிபார்க்க உதவும். வேகமானி சற்று மிகுத்துக் காட்டுவது குற்றமாகாது. இன்றைய சர்வதேச விதியே, உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் மேலும் 4 கிலோமீட்டரும் வரை மிகுத்துக் காட்டலாம். குறைத்துக் காட்டலே ஆகாது என்கிறது.

முடிவாக

இவ்வளவும் செய்ய வேண்டிய கருவிகள் ஒரு மல்டிமீட்டர், ஒரு தடை, ஒரு துண்டு உப்புத்தாள், ஒரு கடிகாரம், ஒரு நோட்டுப்புத்தகம். இவற்றின் விலை ஒரு புதிய மானிப் பலகையின் விலையில் சிறு பங்கே. நண்பர்களே, உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு பழைய கார் நின்றால், அதன் முட்கள் பிதற்றுகின்றன என்று யாரேனும் கூறினால், முதலில் விளக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு முள் பிழையா, அனைத்துமா என்று கேளுங்கள். எர்த்தைத் துடைத்தபின் மானியைப் பற்றிப் பேசுங்கள். ஓம் விதியை நாம் தேர்வுத்தாளில் பலமுறை எழுதியிருக்கிறோம். அதனை ஒரு பெரியவரின் வண்டி இரும்புக் கடைக்குப் போகாமல் காக்கவும் பயன்படுத்தலாம்.